தங்கச்சிமடத்துப் பிள்ளைக்குக் கொயர் நடத்த ஆசை: என்ன படிக்கலாம், எப்படிப் பிழைக்கலாம்?

தென்கடல் அத்தை | மார்ச் 8, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். என் அண்ணன் மகளுக்காகக் கேட்கிறேன். வயது 19. ராமநாதபுரத்தில் பி.காம். இரண்டாம் வருடம், தினமும் பஸ்ஸில் போய்வருகிறாள். எட்டு வயதிலிருந்து எங்கள் பங்குக் கோவில் பாடற்குழுவில் (கொயரில்) பாடுகிறாள்.

போன கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எங்கள் கொயர் மாஸ்டருக்கு உடம்பு முடியாமல் போய்விட்டது. கீபோர்டு வாசிக்க ஒரு தம்பி இருக்கிறான். ஆனால் குழுவை நிறுத்திப் பாடவைக்க ஆளில்லை. இவள் முன்னால் போய் நின்றாள். கையை அதிகம் வீசவில்லை. மூச்சை ஒருதரம் இழுத்தாள், அவளோடு சேர்ந்து 22 பேரும் இழுத்தார்கள். முதல் சொல் ஒன்றாக விழுந்தது. எங்கள் கோவிலில் முன்வரிசை தொடங்கினால் பின்வரிசை அரைச் சொல் கழித்துத்தான் வந்து சேரும். அதையே கேட்டுப் பழகிய எனக்கு அன்றைக்கு மேல் சிலிர்த்துவிட்டது.

அன்றிலிருந்து "அத்தை, இதையே படிக்க முடியுமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அண்ணன் விசைப்படகில் போகிறவர். "பாடட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் அது ஒரு தொழிலா?" என்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை. இந்த வழியில் போனவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பாம்பன் வாடை | மார்ச் 8, இரவு 10.15

அக்கா, மூன்று விஷயம் சொல்லுங்கள். கீபோர்டு வாசிப்பாளா? ஸ்டாஃப் நொட்டேஷன், அதாவது ஐந்து கோட்டில் எழுதும் மேற்கத்திய ஸ்வரக்குறி, படிக்கத் தெரியுமா? தனியாக நின்று பாடுவாளா, இல்லை குழுவில் மட்டும்தானா? இது தெரிந்தால் பதில் சொல்வது எளிது.

தென்கடல் அத்தை | மார்ச் 9, காலை 6.05

கீபோர்டில் வலது கையால் மெட்டு வாசிப்பாள். நொட்டேஷன் தெரியாது, காதால் கேட்டுப் பிடிப்பதுதான். தனியாகப் பாடச் சொன்னால் கூச்சப்படுவாள். குழுவில் ஆல்ட்டோ, பெண்களின் கீழ்க்குரல்.

மூக்கையூர் பேத்தி | மார்ச் 9, இரவு 11.20

அக்கா, உங்கள் பதிவை இரண்டு தரம் படித்தேன். என் ஊர் மூக்கையூர். இப்போது பெங்களூரில் ஒரு பள்ளியில் இசை ஆசிரியை, இரண்டு கொயர் நடத்துகிறேன். நான் வந்த வழியைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளம்.

முதலில் ஒன்று. அவள் மூச்சு இழுத்ததும் எல்லோரும் இழுத்தார்கள் என்றீர்களே, இந்த வேலையின் அடி அதுதான். பாட்டு தொடங்கும் முன் நடத்துபவர் கையால் சத்தமில்லாமல் ஒரு தாளத் தட்டு காட்டுவார். அதில் எந்த வேகத்தில் பாட வேண்டும், மெதுவாகவா உரக்கவா, எங்கே மூச்சு எடுக்க வேண்டும் எல்லாமே அடங்கிவிடும். கை வெறுமனே கீழே விழுந்து, நடத்துபவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றால் குழுவும் தொண்டையை இறுக்கிக்கொண்டுதான் பாடும். அதனால் கொயர் நடத்துகிறவர் முதலில் பாடகராக இருக்க வேண்டும் என்பார்கள். ஆர்க்கெஸ்ட்ரா நடத்துபவருக்கு வயலினோ பியானோவோ கை கொடுக்கும், இங்கே கருவியே மனிதத் தொண்டை.

வெளிநாட்டில் இதற்குப் பழைய பாதை ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக் கொயரில் 16 சிறுவர்கள், அவர்களோடு கல்லூரியில் படிக்கும் 14 இளைஞர்கள். படிப்பு, தினசரி வழிபாடு, பயிற்சி எல்லாம் ஒரே இடத்தில். டேவிட் வில்காக்ஸ் (1919–2015) சிறுவனாக வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் பாடினார், பிறகு அதே கிங்ஸில் ஆர்கன் மாணவர், போருக்குப் பின் ஸால்ஸ்பரி, வூஸ்டர் பேராலயங்களில் வேலை, கடைசியில் 1957 முதல் 1974 வரை கிங்ஸ் கொயருக்கே இயக்குநர். அமெரிக்காவில் பாதை பல்கலைக்கழகம் வழியாகப் போகிறது: இசையில் இளங்கலை, கொயர் நடத்துவதில் இரண்டு வருட முதுகலை, வேண்டுமானால் முனைவர் பட்டம். சேர்க்கைத் தேர்வில் பாடச் சொல்வார்கள், பியானோ வாசிக்கச் சொல்வார்கள், அப்புறம் முன்பின் தெரியாத ஒரு கொயரின் முன்னால் நிறுத்தி ஒத்திகை நடத்தச் சொல்வார்கள். கிடைக்கும் நேரம் ஏறத்தாழ இருபது நிமிடம். பாட்டு எவ்வளவு நன்றாக வந்தது என்பதைவிட, எந்தப் பிழையைக் கேட்டுப் பிடித்தாய், அதை எப்படிச் சரிசெய்தாய் என்றுதான் பார்ப்பார்கள்.

நம் பிள்ளைகளுக்கு நடக்கக்கூடிய வழி லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் கிரேடு தேர்வுகள். குரலில் எட்டுக் கிரேடு, தியரியில் எட்டுக் கிரேடு, அதற்கு மேல் ஏ.டி.சி.எல்., எல்.டி.சி.எல். டிப்ளமோக்கள். நான் 20 வயதில் தொடங்கினேன். சென்னையில் வேலை பார்த்துக்கொண்டே சனி ஞாயிறுகளில் படித்து எட்டாம் கிரேடு வர ஆறு வருடம் ஆயிற்று. கூடவே சென்னையில் ஒரு பெரிய கொயரில் ஆல்ட்டோ பாடினேன். என்னை உருவாக்கியது அந்தக் கொயர்தான். நல்ல நடத்துநர் ஒருவருக்குக் கீழே ஐந்து வருடம் வாயைத் திறந்து பாடினால் எந்தப் புத்தகமும் தராதது கிடைக்கும். மெட்ராஸ் மியூசிகல் அசோசியேஷன் 1893-லிருந்து இருக்கிறது. இப்படிப் பழைய குழுக்கள் சென்னையில் உண்டு, குரல் தேர்வு வைத்துத்தான் சேர்ப்பார்கள். முழுநேரமாகப் படிக்க முடிந்தால் கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி இருக்கிறது, 2008-ல் ஏ.ஆர். ரஹ்மான் தொடங்கியது. கட்டணத்தை நேரில் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

இப்போதைக்கு பி.காமை விட வேண்டாம். கீபோர்டில் இரண்டு கையும் பழகட்டும். அது கச்சேரிக்கு அல்ல. கொயரில் நான்கு குரல்: பெண்களின் மேல்குரல் சோப்ரானோ, கீழ்க்குரல் ஆல்ட்டோ, ஆண்களின் மேல்குரல் டெனர், கீழ்க்குரல் பேஸ். அதில் மூன்றை வாசித்துக்கொண்டு நான்காவதைப் பாடப் பழக வேண்டும். அது வந்துவிட்டால் பாட்டு முழுவதும் தலைக்குள்ளேயே கேட்கும்.

சம்மாட்டி மகன் | மார்ச் 10, காலை 7.30

எனக்கு நொட்டேஷன் எதுவும் தெரியாது. ஆனால் மேலே அந்த மூச்சு விஷயத்தைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

சின்ன வயதில் எங்கள் ஊரில் கரைவலை இழுக்கும்போது அம்பா பாடுவார்கள். ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், கயிறு பிடித்திருக்கும் முப்பது பேரும் "ஏலேலோ" என்று எடுப்பார்கள். அடி கொடுக்கிறவர் எப்போதும் நல்ல குரல்காரர் என்று சொல்ல முடியாது. எங்கள் பெரியப்பா குரல் கரகரவென்றுதான் இருக்கும். ஆனால் அவர் கண் பூராவும் கயிற்றில் இருக்கும். அலை வலையை உள்ளே இழுக்கிற நேரத்தில் பாட்டை நீட்டிப் பிடிப்பார். அலை கரைக்கு ஏறுகிற நேரத்தில் சொல்லைச் சட்டென்று வெட்டுவார், அப்போதுதான் எல்லோரும் ஒரே இழுப்பாக இழுப்பார்கள். கை இரண்டும் கயிற்றில், சைகை காட்ட வழியே இல்லை. தோளும் மூச்சும்தான் சைகை.

அக்கா, உங்கள் பிள்ளை அதைப் பார்த்து வளர்ந்திருந்தால் அது அவளுக்குள் இருக்கும்.

வீணை வாத்தியார் | மார்ச் 10, பிற்பகல் 2.10

இவ்வளவு தூரம் போகும் முன் பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள். ராமநாதபுரத்திலேயே மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை மூன்று வருடச் சான்றிதழ், கட்டணம் மிகக் குறைவு. அதற்கு மேல் படிக்க மதுரையில் அரசு இசைக் கல்லூரி, திருச்சியில் கலைக்காவிரி. கலைக்காவிரியைக் கத்தோலிக்க குருக்கள் 1977-ல் தொடங்கினார்கள், கோவில் பாடற்குழுப் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே படித்திருக்கிறார்கள். அரசுப் பள்ளி இசை ஆசிரியர் பணிக்கும் இந்தப் படிப்புத்தான் உதவும். ஸரளி, ஜண்டை, அலங்காரம் என்ற தொடக்கப் பாடங்களை மூன்று வேகத்தில் பாடிய தொண்டைக்கு எந்த இசையும் கஷ்டமில்லை.

டெனர் வரிசை | மார்ச் 10, இரவு 8.45

வாத்தியார் ஐயா, மரியாதையோடு ஒன்று சொல்கிறேன். கர்நாடகம் படித்துவிட்டு வந்தவர்களை நான்கு குரலில் நிறுத்துவது சிரமம். ஸ்வரத்தை அசைக்காமல் அவர்களால் நிற்க முடிவதில்லை. ஒருவர் காந்தாரத்தை (க ஸ்வரத்தை) ஆட்டினால் போதும், மொத்தக் கூட்டு ஒலியும் கலைந்துவிடும். இன்னொன்று, அங்கே பயிற்சி முழுக்கத் தனிக் குரலுக்கு. கொயரில் பக்கத்தில் நிற்பவரின் குரலுக்குள் நம் குரலை ஒளித்துவைக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு பழக்கம்.

வீணை வாத்தியார் | மார்ச் 11, காலை 9.00

அசைவு வேண்டாத இடத்தில் அசைக்கக் கூடாது என்பதும் பயிற்சிதான் தம்பி. ஸவையும் பவையும் நாங்கள் அசைப்பதே இல்லை. தம்புராவை மீட்டிவிட்டு ஐந்து நிமிடம் சும்மா கேளுங்கள். ஸ தந்தியிலிருந்து அந்தர காந்தாரம் தானாக எழும். அந்தக் காந்தாரம் கீபோர்டில் உள்ளதைவிட ஒரு பொடி கீழே இருக்கும். அதைக் காதில் பிடித்த பிள்ளை ஸ–க–ப மூன்றையும் மூன்று பேரை வைத்துப் பாடவைத்தால் கூரை அதிரும். கீபோர்டை மட்டுமே நம்பிப் பாடும் குழுவில் அந்த அதிர்வு வராது.

எம்.பி. ஸ்ரீனிவாசனை (1925–1988) மறந்துவிட்டீர்களா? மலையாளத் திரை இசையில் பேர் பெற்றவர். 1970களின் தொடக்கத்தில் மெட்ராஸ் யூத் கொயர் என்று சென்னையில் தொடங்கி, பாரதி பாட்டைச் சேர்ந்திசையாக மேடையேற்றினார். நம் ராகம், நம் மொழி, அதற்குள்ளேயே பல குரல். வானொலியிலும் சேர்ந்திசையை வளர்த்தார். லட்சத்தீவில் பிள்ளைகளுக்குச் சேர்ந்திசை சொல்லிக்கொடுக்கப் போன இடத்தில்தான் அவர் உயிர் போயிற்று. தமிழ்நாட்டில் கொயர் நடத்த வேண்டும் என்கிற பிள்ளைக்கு முதலில் சொல்ல வேண்டிய பெயர் அது.

டெனர் வரிசை | மார்ச் 11, இரவு 7.20

காந்தாரம் பற்றி நீங்கள் சொன்னது உண்மை ஐயா. இன்று எங்கள் ஒத்திகையில் கீபோர்டை நிறுத்திவிட்டு சுருதிப்பெட்டியை மட்டும் வைத்துப் பாடிப் பார்த்தோம். ஆல்ட்டோ தானாகவே கொஞ்சம் இறங்கி உட்கார்ந்தது. வித்தியாசம் எல்லோர் காதிலும் விழுந்தது. எம்.பி.எஸ். பற்றியும் ஒத்துக்கொள்கிறேன்.

மூக்கையூர் பேத்தி | மார்ச் 11, இரவு 10.50

இதில் எனக்கு வாத்தியார் ஐயா கட்சி. ஸரிகம தெரிந்த பிள்ளைக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஜான் கர்வன் இங்கிலாந்தில் நொட்டேஷன் படிக்காத சாதாரண சனங்களைப் பாடவைக்க டோ–ரே–மி முறையைப் பரப்பினார். எந்தச் சுருதியில் தொடங்கினாலும் அதுதான் டோ. நாம் கட்டையை (சுருதி உயரத்தை) மாற்றினாலும் ஸ ஸவாகவே இருப்பது போலத்தான். ஹங்கேரியில் கொடாய் என்ற இசையமைப்பாளர் தன் பள்ளிப் பயிற்சிக்கு அதையே எடுத்துக்கொண்டார். மேற்கத்திய ஸ்வர வரிசைகளை நம் ராகப் பெயரால் சொல்லலாம்: மேஜர் என்றால் சங்கராபரணம், இயற்கை மைனர் என்றால் நடபைரவி, ஹார்மோனிக் மைனர் என்றால் கீரவாணி. இப்படிச் சொல்லிக்கொடுத்தால் நம் பிள்ளைகள் ஒரு மாதத்தில் பிடித்துவிடுவார்கள்.

கட்டை விஷயம் கோவில் கொயர்களில் பெரிய தொல்லை. ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரை கட்டை வசதி, பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை. கீபோர்டுகாரர் தன் விரலுக்கு வசதியான ஒன்றில் பிடித்துவிடுவார், பாதிப் பேர் தொண்டை கிழியக் கத்துவார்கள், மீதிப் பேர் முனகுவார்கள். நான்கு குரலாகப் பிரிப்பதே அவரவர் அவரவர் இடத்தில் பாடத்தான். உங்கள் மருமகள் ஒவ்வொருவரையும் தனியாகப் பாடவைத்து, யாருக்கு எது கீழ் எல்லை, எது மேல் எல்லை என்று ஒரு நோட்டில் எழுதட்டும். 12 வயதிலிருந்து 15 வயதுக்குள் குரல் உடையும் பையன்களைக் குழுவை விட்டு அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். நான்கைந்து ஸ்வரத்துக்குள் அடங்குகிற வரி ஒன்றை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தால் போதும். நாளைய பேஸ் அவர்கள்தான்.

தென்கடல் அத்தை | மார்ச் 14, இரவு 9.10

எல்லாவற்றையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். அம்பா பற்றி எழுதிய தம்பிக்கு நன்றி. எங்கள் அப்பாவும் கரைவலையில் அடி கொடுத்தவர்தான். அண்ணன் அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார்.

ஆனால் வீட்டில் வேறு பேச்சு ஓடுகிறது. பாடுவது சரி, ஆனால் ஆம்பிளைகளை வரிசையாக நிறுத்திப் பொம்பிளைப் பிள்ளை கை காட்டுவதா என்று உறவில் ஒருவர் கேட்டுவிட்டார். அவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மூக்கையூர் பேத்தி | மார்ச் 14, இரவு 11.30

அவளிடம் மார்கரெட் ஹில்லிஸ் கதையைச் சொல்லுங்கள். அமெரிக்காவில் 1921-ல் பிறந்தவர். ஆர்க்கெஸ்ட்ரா நடத்த வேண்டும் என்பதுதான் சின்ன வயது ஆசை. பெண்ணுக்கு அங்கே இடம் தர மாட்டார்கள், கொயர் வழியாகப் போ என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். கொயருக்கு வந்தார், கொயர் நடத்துநர் ராபர்ட் ஷாவிடம் படித்தார். 1957-ல் சிகாகோ சிம்பொனிக்கு ஒரு கொயரை உருவாக்கி, முப்பது வருடத்துக்கு மேல் அதை நடத்தினார். 1977-ல் நியூயார்க் கார்னகி அரங்கில் மாலரின் எட்டாவது சிம்பொனி. நடத்த வேண்டிய நடத்துநர் சோல்ட்டிக்கு அடிபட்டு வர முடியவில்லை. நூற்றுக்கணக்கான பாடகர்களும் முழு ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்த பிரம்மாண்டமான படைப்பு அது. ஹில்லிஸ் மேடையேறி நடத்திக் கொடுத்தார்.

நம் நாட்டிலும் இருக்கிறார்கள். மும்பையில் விக்டர் பரஞ்சோதி தொடங்கிய கொயரை அவர் 1967-ல் இறந்த பிறகு கூமி வாடியா என்ற பெண்தான் ஏற்று, பல பத்தாண்டுகள் நடத்தினார்.

கை காட்டுவது அதிகாரம் செய்வதற்கு இல்லை. பாடுகிறவர் எங்கே பயப்படுகிறாரோ அங்கே அவர் கண்ணைப் பார்த்து "இப்போது வா" என்று கூப்பிடுவது.

பாம்பன் வாடை | மார்ச் 15, காலை 8.00

பணத்தைப் பற்றியும் பேசிவிடுவோம், அண்ணன் கேட்டது அதைத்தானே. கோவில் கொயரில் சம்பளம் என்று பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். பெரும்பாலும் சேவை, கல்யாணப் பூசைக்குக் கொஞ்சம் கிடைக்கும். நிரந்தர வருமானம் பள்ளியில்தான். சென்னை, பெங்களூர், கொடைக்கானல், ஊட்டி பக்கம் தனியார் பள்ளிகளில் மேற்கத்திய இசை ஆசிரியர் வேலை உண்டு. அதோடு மாலையில் பாட்டு, கீபோர்டு வகுப்பு. நான் பார்த்தவரை இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் இரண்டு மூன்று வேலையைச் சேர்த்துக் கட்டித்தான் வாழ்கிறார்கள். ஷில்லாங் சேம்பர் கொயரை 2001-ல் தொடங்கிய நீல் நோங்கின்ரி லண்டனில் பியானோ படித்து அங்கேயே வாசித்துக்கொண்டிருந்தவர். ஊருக்குத் திரும்பிய பிறகுதான் கொயர். 2010-ல் தொலைக்காட்சிப் போட்டியில் ஜெயித்து நாடு முழுக்கத் தெரிய வருவதற்கு முன்னால் ஒன்பது வருட உழைப்பு இருக்கிறது.

அதனால் பி.காம். முடிக்கட்டும். பட்டம் இருந்தால் பள்ளி வேலைக்கும் கைகொடுக்கும்.

பழைய சோப்ரானோ | மார்ச் 16, இரவு 10.05

ஒரு எச்சரிக்கை. நான் பட்டது இன்னொரு பிள்ளைக்கு வரக் கூடாது.

எனக்கு 24 வயதில் ஒரு குழுவின் பொறுப்பைக் கொடுத்தார்கள். ஈஸ்டருக்கு முன்னால் தினமும் மூன்று மணி நேரம் ஒத்திகை. நான்கு பகுதியையும் நானே பாடிக் காட்டுவேன். பேஸ் வரியைத் தொண்டையை அமுக்கிக் கீழே பாடுவேன், டெனர் வரியைக் கத்திப் பாடுவேன். பேச்சுச் சத்தத்தை அடக்க அதற்கும் மேலே கத்துவேன். மைக் கேட்டேன், கொடுக்கவில்லை. புனித வெள்ளி அன்று காலையில் எழுந்தபோது குரல் காற்றாக வந்தது. காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்துவிட்டு, குரல்நாணில் முடிச்சு என்றார். ஆறு வாரம் பேசவே கூடாது, சிலேட்டில் எழுதித்தான் காட்டினேன். குரல் திரும்பியது, ஆனால் மேல் ஸ்தாயி பழையபடி வரவே இல்லை.

பாடிக் காட்ட வேண்டியதை ஒரு தடவை, மெதுவாக, தன் எல்லைக்குள். மற்றதைக் கீபோர்டு சொல்லட்டும். சத்தத்தை அடக்கக் கத்தக் கூடாது, கையைத் தூக்கிவிட்டுச் சும்மா நின்றாலே போதும். தண்ணீர் பாட்டில் பக்கத்தில் இருக்கட்டும். மூன்று மணி நேரம் எந்தக் குழுவுக்கும் வேண்டாம், ஒன்றரை மணி நேரம் போதும்.

சம்மாட்டி மகன் | மார்ச் 17, காலை 6.40

ஆம்பிளைக் குரல் எப்போதும் குறைவாக இருக்கிறது என்று எல்லாக் கோவிலிலும் சொல்கிறார்கள். விசைப்படகு வாரத்தில் மூன்று நாள் கடலில், ஒத்திகைக்கு எங்கே வருவார்கள்? ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் எல்லோரும் கரையில். வலை பழுதுபார்ப்பதெல்லாம் பகலில்தான், சாயங்காலம் சும்மா இருப்பார்கள். உங்கள் பிள்ளை டெனரையும் பேஸையும் அந்த இரண்டு மாதத்தில் கட்டிவிடட்டும்.

தென்கடல் அத்தை | மே 19, இரவு 9.55

இரண்டு மாதமாக எழுத முடியவில்லை, மன்னியுங்கள். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ராமநாதபுரத்தில் சனிக்கிழமைகளில் கீபோர்டு வகுப்புக்குப் போகிறாள். இசைப்பள்ளியில் சேர விசாரித்து வைத்திருக்கிறோம். கோரல் பப்ளிக் டொமைன் லைப்ரரி என்று இணையத்தில் நொட்டேஷன் இலவசமாகக் கிடைக்கிறது என்று இங்கிருந்து ஒருவர் தனிச்செய்தியில் சொன்னார், அதிலிருந்து சின்னச் சின்னதாக இறக்கி மியூஸ்ஸ்கோர் என்ற செயலியில் போட்டுக் கேட்கிறாள். பழைய கொயர் மாஸ்டர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தாள். அவர் தன் டியூனிங் ஃபோர்க்கை எடுத்துக் கொடுத்துவிட்டார். முழங்காலில் தட்டி, காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்து, அந்த ஒரு ஸ்வரத்திலிருந்து நான்கு குரலுக்கும் தொடக்க ஸ்வரம் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். இப்போது வீட்டில் சோறு வடிக்கும்போதும் அதைத் தட்டிக்கொண்டிருக்கிறாள்.

தடைக்காலத்தில் செவ்வாய், வியாழன் மாலை ஆண்களுக்கு மட்டும் ஒத்திகை வைத்தாள். முதல் நாள் நான்கு பேர். போன வியாழன் பதினொரு பேர். பதினொன்றாவது ஆள் என் அண்ணன்.

பேஸ் வரிசையில் கடைசியில் போய் நின்றார். வரி பிடிபடவில்லை, மேலேயும் கீழேயும் போனார். மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இவள் நிறுத்தவில்லை, திட்டவும் இல்லை. பக்கத்தில் போய் அவர் காதருகில் ஸவை மட்டும் முனகினாள். "அப்பா, நீங்கள் இதை மட்டும் பிடித்துக்கொண்டிருங்கள், மற்றவர்கள் மேலே போய்விட்டு உங்களிடம்தான் வந்து சேருவார்கள்" என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு அந்த ஒரு ஸ்வரத்தைப் பாட்டு முடியும் வரை விடாமல் பிடித்திருந்தார். மூச்சு எடுக்க வேண்டிய இடத்தில் அவள் தோள் ஏறுவதைப் பார்த்து எடுத்தார்.

ஜூலை 25 சந்தியாகப்பர் திருவிழாவுக்கு நான்கு குரலில் ஒரு பாட்டு பாடுவதாக இருக்கிறார்கள். அதற்குள் படகு கடலுக்குப் போய்விடும், திருவிழா அன்று கரையில் இருக்கும்படி பார்த்துக்கொள்வதாக அண்ணன் சொல்லியிருக்கிறார்.

மூக்கையூர் பேத்தி, ஆகஸ்டில் அவளைச் சென்னைக்கு ஒரு கொயரின் குரல் தேர்வுக்கு அழைத்துப் போகலாம் என்றிருக்கிறோம். பாம்பன் புதுப் பாலம் திறந்த பிறகு ராமேஸ்வரத்திலேயே சேது எக்ஸ்பிரஸ் ஏறிவிடலாம். தேர்வுக்குத் தமிழ்ப் பாட்டு ஒன்று, வேற்று மொழிப் பாட்டு ஒன்று தயார் செய்தால் போதுமா? அவள் தனியாகப் பாடக் கூச்சப்படுவது இன்னும் போகவில்லை.

மூக்கையூர் பேத்தி | மே 20, காலை 5.50

போதும் அக்கா. கூடவே பார்த்தவுடன் பாட ஒரு சின்ன வரி கொடுப்பார்கள், அதை ஸரிகமவில் பாடினாலும் ஏற்றுக்கொள்வார்கள், முன்கூட்டியே கேட்டுவிட்டால் நல்லது. கூச்சத்துக்கு ஒரு வழி: தினமும் யாராவது ஒருவர் முன்னால் ஒரு பாட்டு. முதலில் உங்கள் முன்னால், அப்புறம் அந்த பேஸ் வரிசை முன்னால். எழும்பூர் வந்து இறங்கும் தேதியைச் சொல்லுங்கள், அந்த வாரம் நான் சென்னையில் இருக்கும்படி லீவு போடுகிறேன்.